கட்டாயம் பார்க்க வேண்டிய பழைய படங்கள்: வெள்ளவத்தை வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நண்பர் ஒருவரின் வீட்டு மண்டபத்தில் கூடுகிறோம். பன்னிரண்டு பேர் வருவோம், சில நாள் இருபது. வெள்ளைச் சுவரில் ஒரு பழைய படம். முடிந்ததும் தேத்தண்ணி, ரோல்ஸ், அப்புறம் இருட்டும்வரை வாக்குவாதம். எந்தப் படத்தைப் பார்க்காமல் இருக்கவே கூடாது என்பதுதான் எப்போதும் வாக்குவாதம். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றுதான் என்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பதில்கள் என்னுடையவை. எங்கள் ஆட்கள் எல்லாரும் இவற்றுக்கு உடன்பட மாட்டார்கள்.

'கட்டாயம்' என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

அன்று மண்டபத்தில் இருப்பவர்கள்தான். மூன்றில் இரண்டு பங்கு பேர் கை தூக்கினால் படம் எங்கள் பட்டியல் கொப்பியில் ஏறும்.

அளவுகோல் என்ன என்றுதான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள். நல்ல படம், பிடித்த படம், கட்டாயப் படம் மூன்றும் வேறு வேறு. எனக்குப் பிடித்த படங்களில் பாதியைப் பார்க்காவிட்டால் யாருக்கும் நட்டம் இல்லை. எந்தப் படத்தைப் பார்க்காதவரோடு கதைக்கும்போது கதை நடுவில் முட்டி நின்றுவிடுகிறதோ, அதைத்தான் நான் கட்டாயம் என்பேன். உதாரணம் சொல்கிறேன். கமராவை ஸ்டூடியோவிலிருந்து கிராமத்துக்குக் கொண்டுபோனது 1977இல் வந்த '16 வயதினிலே' என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். தமிழ்நாட்டுக் கணக்கில் அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் நாங்கள் இருந்து கதைப்பது கொழும்பில். இங்கே 1956இலேயே சிங்கள இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ'வை முழுக்க வெளிப்புறத்தில் எடுத்துவிட்டார். அதுவரை சிங்களப் படங்களில் அநேகம் தென்னிந்திய ஸ்டூடியோக்களில், தென்னிந்தியப் படங்களின் அச்சில்தான் உருவாகின. அந்த இரண்டு படங்களையும் பார்த்தவர்கள் அன்று இரண்டு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்களால் அந்தக் கதைக்குள் நுழையவே முடியவில்லை. பிறகு இரண்டு படமும் கொப்பியில் ஏறின.

கொழும்பில் இருக்கிற தமிழ் ரசிகர் தமிழ், சிங்களம் என்ற இரண்டு சினிமாக்களுக்கு நடுவில் இருக்கிறார். இரண்டையும் பார்க்கும் வசதி எங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது. எங்கள் பட்டியல் அந்த இடத்திலிருந்துதான் வர வேண்டும் என்பது என் வாதம். கீழே வருகிற பதில்கள் எல்லாவற்றிலும் அதுதான் இருக்கும்.

உலகப் பட்டியல்கள் இருக்கின்றனவே, அவற்றை அப்படியே எடுத்தால் என்ன?

எடுத்துப் பார்த்தோம். 'சைட் அண்ட் சவுண்ட்' சஞ்சிகை பத்து வருடத்துக்கு ஒரு தடவை விமர்சகர்களிடம் கேட்டுப் பட்டியல் போடுகிறது. 1952இல் முதலிடம் 'சைக்கிள் திருடர்கள்'. 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்'. 2012இல் 'வெர்டிகோ'. 2022இல் சாந்தால் அக்கர்மானின் 'ஜான் டீல்மன்', ஒரு விதவைத் தாய் சமைப்பதையும் உருளைக்கிழங்கு தோல் சீவுவதையும் மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் காட்டும் 1975ஆம் ஆண்டுப் படம். எழுபது வருடத்தில் நாலு முதலிடம். அவர்களே மாற்றிக்கொண்டிருக்கும்போது நாங்கள் ஏன் ஒன்றைப் பிடித்துத் தொங்க வேண்டும்?

அந்தப் பட்டியலால் பயன் இல்லை என்று சொல்ல வரவில்லை. 'ஏழு சாமுராய்'க்கும் 'பதேர் பாஞ்சாலி'க்கும் என்னைக் கொண்டுபோனது அதுதான். ஆனால் 2022ஆம் ஆண்டின் முதல் நூறில் ஒரு தமிழ்ப் படம் இல்லை, ஒரு இலங்கைப் படமும் இல்லை. வாக்களித்தவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டுத் தள்ளியதாக நான் நினைக்கவில்லை. பார்த்திருக்கவே மாட்டார்கள். பார்க்கிற வேலை எங்களுடையது.

எம்.ஜி.ஆரா, சிவாஜியா?

இந்தக் கேள்வி வராத ஞாயிறு இல்லை. எங்கள் வட்டத்தில் எழுபது தாண்டிய இரண்டு ஐயாமார் இருக்கிறார்கள். பாடசாலைக் காலத்திலிருந்து நண்பர்கள், அன்றிலிருந்து இதே சண்டை. ஒருவர் எம்.ஜி.ஆர் கண்டிப் பக்கம் பிறந்தவர், எங்கள் ஆள் என்று தொடங்குவார். மற்றவர் 'பராசக்தி' நீதிமன்ற வசனத்தை எழுந்து நின்று சொல்லத் தொடங்குவார்.

அந்த வசனத்தை அவர் படத்தில் கேட்டு மனப்பாடம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். இங்கே ஒரு தலைமுறைக்குத் தமிழ் சினிமா முதலில் காது வழியாகத்தான் வந்தது. கலியாண வீட்டு லவுட்ஸ்பீக்கரில் வசன இசைத்தட்டு, இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவின் 'திரைவிருந்து'. படம் தியேட்டருக்கு வரும்போது வசனம் வாயில் இருக்கும், முகம்தான் புதிது. என் அம்மாவும் அப்படி வளர்ந்தவர். இன்றும் பழைய படம் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், நித்திரை என்று நினைத்து நிறுத்தினால் பேச்சு விழும்.

சரி, பதில். இருவருக்கும் ஒவ்வொரு படம் கட்டாயம். எம்.ஜி.ஆருக்கு 'நாடோடி மன்னன்' (1958), அவரே இயக்கியது. ஒரு நடிகர் தன் பிம்பத்தைத் தானே செதுக்குவதைக் கண்முன்னே பார்க்கலாம். சிவாஜிக்கு 'பராசக்தி' (1952) என்றுதான் பெரும்பான்மை கை தூக்கியது. நான் தூக்கவில்லை. என் காரணம் அடுத்த பதிலில்.

பாட்டே இல்லாத தமிழ்ப் படம் ஒன்று இருக்கிறதாமே?

'அந்த நாள்', 1954. ஏவி.எம். தயாரிப்பு, இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். வீணையில் அவ்வளவு பெயர் எடுத்த மனிதர், தன் படத்தில் ஒரு பாட்டுக்குக்கூட இடம் வைக்கவில்லை. சண்டையும் இல்லை, நடனமும் இல்லை.

தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி சுருண்டு விழுகிறார். கதாநாயகன் படம் தொடங்கி ஒரு நிமிடத்தில் செத்துப்போகிறான். பிறகு துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்க, ஒவ்வொருவரும் தன் பார்வையில் ஒரு கதை சொல்கிறார்கள். ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் ஜப்பானியப் படம் 'ராஷோமான்' வந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் இங்கே கதைக்களம் 1943இல் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட நேரம். நாங்கள் படத்தைப் போட்ட அன்று, வட்டத்திலேயே மூத்த அம்மா ஒருவர், 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் ஜப்பானியக் குண்டு விழுந்ததைத் தன் தாய் சொல்லிக் கேட்ட கதையைச் சொன்னார். சனம் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நகரத்தை விட்டு ஓடியதாம். அதற்குப் பிறகு படத்தின் அந்தக் காட்சிகளை யாரும் பழைய படக் காட்சியாகப் பார்க்கவில்லை.

சிவாஜி இதில் நாட்டைக் காட்டிக்கொடுப்பவன். அப்படி ஒரு பாத்திரத்தை, நடிக்க வந்து இரண்டே வருடத்தில் எடுத்துக்கொண்டார். குரலை ஏற்றாமல், கண்ணாலேயே ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார். சிவாஜி என்றால் மிகை நடிப்பு என்று சொல்லும் இளம் ஆட்களுக்கு நான் போட்டுக்காட்டும் முதல் படம் இதுதான். முடிவை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

தமிழ் ஆட்கள் கூடும் இடத்தில் சிங்களப் படம் ஏன்?

இந்தக் கேள்வியைச் சிலர் மெதுவான குரலில் கேட்பார்கள், சிலர் கோபமாக. இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்.

முதல் சிங்களப் பேசும் படம் 'கடவுணு பொரொந்துவ', 1947 ஜனவரியில் வந்தது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம், தமிழர். எடுத்த இடம் மதுரை, திருப்பரங்குன்றத்து ஸ்டூடியோ. கதாநாயகி ருக்மணி தேவி. பிறந்தபோது வைத்த பெயர் டேசி ராசம்மா டானியல்ஸ். பிறகு கே. குணரத்தினம் போன்ற தமிழர்கள் பல வருடம் சிங்களப் படங்களுக்குப் பணமும் ஸ்டூடியோவும் கொடுத்தார்கள். 1983 ஜூலைத் தமிழர் விரோதக் கலவரத்தில் ஹெந்தளையில் இருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவைக் கொளுத்தினார்கள். உள்ளே இருந்த படச்சுருள்களும் எரிந்தன. சிங்களப் படங்கள் இயக்கிய கே. வெங்கட் அதே நாட்களில் கொல்லப்பட்டார். இந்தச் சினிமாவில் எங்கள் ஆட்களின் உழைப்பும் இருக்கிறது, சாம்பலும் இருக்கிறது. அதை அந்நியம் என்று சொல்ல என்னால் முடியாது.

இன்னொரு காரணம், படங்கள் அவ்வளவு நல்லவை. 'கம்பெரலிய'வைப் பாருங்கள். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவல், லெஸ்டர் இயக்கியது, 1965இல் டெல்லித் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது வாங்கியது. தெற்கில் ஒரு பெரிய வளவு, நொடித்துப்போகும் குடும்பம். பியல் என்ற இளைஞன் நந்தாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருகிறான். இருவருக்கும் விருப்பம்; அந்தஸ்து குறைவு என்று வீட்டில் மறுக்கிறார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் அழுது புரளவில்லை. அந்த வளவின் நாற்காலிகளையும் வாசல்படியையும் பார்த்தாலே வீட்டில் காசு தீர்ந்துகொண்டு வருவது தெரிகிறது. படம் முடிந்ததும் எங்கள் வட்டத்து அக்கா ஒருவர், "இது எங்கட சாவகச்சேரி வீடுதானே" என்றார். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்கவில்லை.

'நிதானய' (1972) இன்னும் இருட்டு. புதையலுக்குப் பலி கொடுக்க, கழுத்தில் நாலு மச்சம் உள்ள பெண்ணைத் தேடிக் கலியாணம் முடிக்கிறான் ஒருவன். காமினி பொன்சேகாவும் மாலினி பொன்சேகாவும். 1978இல் 'பைலட் பிரேம்நாத்'தில் சிவாஜியோடு நடித்த அதே மாலினிதான். அந்தப் படத்தில் மட்டும் அவரைத் தெரிந்த ஐயா, 'நிதானய' முடிந்த பிறகு வெகு நேரம் எழும்பவில்லை.

எங்கள் மொழியிலேயே இங்கே எடுத்த படங்கள் தரத்துக்காகச் சேர்கின்றனவா, எங்களுடையவை என்பதற்காகவா?

நேர்மையாகச் சொல்கிறேன், இரண்டுக்காகவும்.

இலங்கைத் தமிழ்ப் படங்களில் பல தென்னிந்திய மசாலாவின் நிழல்கள். 1963இல் 'தோட்டக்காரி' வந்த காலத்திலிருந்தே அந்த இழுபறி இருக்கிறது. தென்னிந்தியப் படம் அடுத்த தியேட்டரில் ஓடும்போது, சின்னக் காசில் எடுத்த படத்துக்கு ஏன் போக வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்ற படங்கள் சில உண்டு. வி.எஸ். துரைராஜா தயாரித்து டபிள்யு.எஸ். மகேந்திரன் இயக்கிய 'குத்துவிளக்கு' (1972), யாழ்ப்பாணத்து ஆட்கள் பேசுகிற மாதிரியே பேசியது. 'கோமாளிகள்' (1976) வானொலி நாடகத்திலிருந்து வந்தது. 'வாடைக்காற்று' (1978) செங்கை ஆழியானின் நாவல். இவற்றைப் பார்க்கிறபோது குறைகள் தெரியும். ஒலி சில இடங்களில் கரகரக்கும். ஆனால் திரையில் ஒருவர் "என்ன மோனை" என்று கூப்பிடும்போது உடம்பு சிலிர்ப்பதை எந்த அளவுகோலில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தரத்துக்காக மட்டுமே, எந்த விட்டுக்கொடுப்பும் இல்லாமல் நான் கை தூக்கும் படம் 'பொன்மணி' (1977). எழுதியவர் காவலூர் இராசதுரை, இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்த சிங்களவர், அங்குள்ள வீடு ஒன்றுக்குள் போய், சாதியையும் சீதனத்தையும் இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார். கமரா அவசரப்படாது. வசனம் குறைவு, மௌனம் நிறைய. அடுத்த வருடமே அவர் 'பம்பரு எவித்' எடுத்தார், கற்பிட்டிக் கடற்கரையில் மீனவர் மத்தியில் வந்து இறங்கும் நகரத்து ஆளைப் பற்றி. அதையும் 'வாடைக்காற்'றையும் அடுத்தடுத்த மாதம் போட்டோம். ஒரே வருடத்தில், ஒரே தீவில், இரண்டு மொழியில், மீனவர்களைப் பற்றி வந்த இரண்டு படங்கள். அந்த இரண்டு ஞாயிறும் நாங்கள் வீட்டுக்குப் போகப் பத்து மணியானது.

பாலுமகேந்திராவை எந்தப் பக்கம் சேர்ப்பது?

மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். பாடசாலைச் சுற்றுலாவில் டேவிட் லீனின் படப்பிடிப்பைப் பார்த்ததுதான் தன்னைச் சினிமாவுக்கு இழுத்தது என்று சொல்லியிருக்கிறார். லீன் 'குவாய் நதிப் பால'த்தை எடுத்தது எங்கள் நாட்டுக் கித்துல்கலவில். இங்கே அவர் படம் எடுக்க வழி கிடைக்கவில்லை, சென்னையில் எடுத்தார். பக்கம் பிரிக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. 'வீடு' (1988) எங்கள் பட்டியலில் எதிர்ப்பே இல்லாமல் ஏறிய ஒரே படம்.

அதில் சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, கட்டி முடியாத வீட்டைத் தனியே பார்க்கப் போகும் காட்சி. பூசாத செங்கல் சுவரைத் தடவுகிறார். அறை அறையாக நடக்கிறார், இது சமையலறை, இது வாசல் என்று மனதுக்குள் தளபாடம் போடுவது அவர் முகத்தில் தெரிகிறது. பின்னணியில் இளையராஜாவின் இசை. வீட்டை இழந்தவர்கள், மறுபடி கட்டியவர்கள், கட்ட முடியாமல் போனவர்கள் எங்கள் மண்டபத்தில் இருக்கிறார்கள். அந்தக் காட்சியில் யாரும் பக்கத்து ஆளைப் பார்ப்பதில்லை.

மெதுவான படங்களில் நித்திரை வருகிறது. என்ன செய்வது?

நித்திரை கொள்ளுங்கள், பிழை இல்லை. பிறகு இன்னொரு தடவை வாருங்கள்.

ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'தோக்கியோ கதை' (1953) போட்ட அன்று நாலு பேர் நித்திரை. வயதான தாயும் தகப்பனும் பிள்ளைகளைப் பார்க்கப் பட்டணத்துக்கு வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரம் இல்லை. மொத்தக் கதை இவ்வளவுதான். கடைசியில் மருமகள் நொரிகோ ரயிலில் இருந்து, மாமியாரின் மணிக்கூட்டைக் கையில் எடுத்துத் திறந்து பார்க்கிறாள். அந்த நேரம் பார்த்து எங்கள் ஒழுங்கை முடிவில் கரையோர ரயில் காலிப் பக்கம் போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது, சுவரில் இருந்த படமும் சேர்ந்து ஆடியது. நித்திரை கொண்ட நாலு பேரும் எழும்பிவிட்டார்கள். அதில் மூன்று பேரின் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். அடுத்த மாதம் அந்தப் படத்தையே திரும்பப் போடச் சொல்லிக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

பழைய படங்களில் பெண்ணை அடிப்பதும் அடங்கு என்று அறிவுரை சொல்வதும் வருகிறதே?

வருகிறது. வெட்டிவிட்டுப் போடுவதில்லை, முடிந்ததும் அதைப் பற்றிக் கதைப்போம். அதோடு, தன் மனப்படி வாழ நினைக்கும் ஒரு பெண்ணைப் பற்றி 1978இல் ருத்ரய்யா எடுத்த 'அவள் அப்படித்தான்' கட்டாயப் பட்டியலில் இருக்கிறது. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எடுத்தார்கள் என்று சொல்பவர்கள் அதைப் பார்க்கட்டும்.

பிள்ளைகளை எதிலிருந்து தொடங்குவது?

'காதலிக்க நேரமில்லை' (1964). நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சிக்குச் சிரிக்காத பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. பிறகு சாப்ளின். பத்து வயது தாண்டியதும் 'சைக்கிள் திருடர்கள்'. அதில் தகப்பனுக்குப் பக்கத்தில் ஓடி ஓடி வரும் சின்னவன் புரூனோவைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். கடைசியில் அவன் தகப்பனின் கையைப் பிடிப்பதற்கு விளக்கம் சொல்லாதீர்கள்.

எங்கே பார்ப்பது? போனில் பார்த்தால் போதாதா?

வேறு வழி இல்லாவிட்டால் பாருங்கள், ஆனால் முடிந்தவரை பெரிய சுவர். பௌத்தாலோக மாவத்தையில் திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் தரங்கனி மண்டபத்தில் பழைய சிங்களப் படங்கள் காட்டுவார்கள். அலியான்ஸ் பிரான்சேயிலும் கேத்தே நிலையத்திலும் ஐரோப்பியப் படங்கள் வரும். தமிழ்ப் பழைய படங்களில் பல இணையத்தில் இருக்கின்றன. இலங்கைத் தமிழ்ப் படங்களுக்குத்தான் நல்ல பிரதி கிடைப்பது கஷ்டம். சுமித்ரா பீரிஸின் 'கெஹெனு லமாய்' புதுப்பிக்கப்பட்டு 2025இல் கான் விழாவில் காட்டப்பட்டது. 'பொன்மணி'க்கும் அப்படி ஒரு நாள் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். உங்கள் வீட்டில் யாரிடமாவது பழைய பிரதி, போஸ்டர், பாட்டுப் புத்தகம் இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள், எங்களுக்குக் காட்டுங்கள்.

நான் சொல்லும் படத்தைச் சேர்ப்பீர்களா?

நீங்களே கொண்டுவந்து போட வேண்டும். முன்னால் பத்து நிமிடம் ஏன் என்று சொல்ல வேண்டும், நாங்கள் குறுக்கே பேச மாட்டோம். பிறகு எல்லாரும் பேசுவோம், நீங்கள் கேட்க வேண்டும். கை தூக்குவது அடுத்த மாதம்தான், ஒரு மாதம் மனதில் கிடந்த பிறகு. 'உதிரிப்பூக்கள்' (1979) முதல் தடவை இரண்டு கையால் தோற்றது. ஒரு வருடம் கழித்து அதே ஆள் திரும்பக் கொண்டுவந்தார். ஆற்றங்கரையில் அந்த இரண்டு பிள்ளைகளும் நிற்கும் முடிவை இரண்டாம் தடவை பார்த்தபோது, முதலில் எதிர்த்த நானே கை தூக்கினேன்.

அடுத்த ஞாயிறு 'கம்பெரலிய' மறுபடியும், தமிழில் கதைச் சுருக்கம் எழுதித் தருவோம். நாலு மணிக்கு முன்பே வாருங்கள், நாலேகாலுக்குக் கதவு பூட்டிவிடுவோம். கதிரை காணாது, பாய் இருக்கிறது.